மாகிஸ்தர், மாஸ்டர், மேஸ்திரி

1

நான் தமிழில் எம்.ஏ. முடித்தவன். எங்கள் தெருமுனையில் மூன்று மாடிக் கட்டிடம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. அங்கே சாரத்தில் நின்று ரசமட்டம் பிடிக்கிற மேஸ்திரி ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பட்டம் என்று பார்த்தால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பட்டம்தான். எம்.ஏ.யின் முதலெழுத்து 'மாகிஸ்தர்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வருகிறது. கலைகளில் மாகிஸ்தர் என்பது அதன் பொருள். அதே மாகிஸ்தர் போர்த்துகீசிய மொழியில் 'மெஸ்த்ரெ' ஆகி, கப்பலேறி வந்து, இந்திய மொழிகள் பலவற்றில் 'மிஸ்திரி', 'மேஸ்திரி' என்று தங்கிவிட்டது. 1886இல் வெளிவந்த யூல்–பர்னல் அகராதி இதைப் பதிவு செய்திருக்கிறது. நம் வீட்டு ஜன்னலும் சாவியும் அலமாரியும் மேஜையும் அதே போர்த்துகீசியக் கப்பல்களில் வந்த சொற்கள். வீட்டின் சாமான்களோடு வீட்டைக் கட்டுகிற ஆளின் பெயரும் வந்து சேர்ந்தது போலும்.

இது சொல்லாராய்ச்சிக் கட்டுரை அல்ல. கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாகத் தமிழில் கோட்பாடு பேசிவரும் நாம், 'மாஸ்டர்' என்ற சொல் எங்கே வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு 'எஜமான்' என்று எழுதிவிட்டுப் போகிறோம். ஹெகலுக்கும் எஜமான், லகானுக்கும் எஜமான். இந்த மொழிபெயர்ப்புப் பழக்கத்தில் ஓர் அரசியல் பிழை ஒளிந்திருக்கிறது என்பதே என் வாதம். அதைக் காட்ட ரோமாபுரி வரைக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாகிஸ்தர் என்ற சொல்லுக்குள் 'மாகிஸ்' இருக்கிறது. அதற்குக் 'கூடுதல்' என்று பொருள். பின்னால் வரும் '-தர்' என்ற விகுதி இரண்டை எதிரெதிரே வைத்து ஒப்பிடும்போது வருவது. ஆகவே மாகிஸ்தர் என்றால் 'இருவரில் கூடியவர்'. இதற்கு நேர் எதிர்ச்சொல்லும் லத்தீனில் உண்டு: மினிஸ்தர். நம் பிள்ளைகள் கணக்கில் போடும் 'மைனஸ்' அதற்குள் இருக்கிறது. 'இருவரில் குறைந்தவர்', அதாவது பணியாள். வரலாறு இந்த இரட்டையரை எப்படிக் கொண்டுபோய் விட்டது பாருங்கள். குறைந்தவர் மினிஸ்டராகிக் காரில் போகிறார். கூடியவர் மேஸ்திரியாகிச் சாரத்தில் தொங்குகிறார்.

ஆனால் கட்டிட வேலையில் இருப்பவர்களிடம் பேசினால் அந்தப் பழைய ஜோடி அப்படியே உயிரோடு இருப்பது தெரியும். அங்கே கொத்து வேலை தெரிந்தவர் பெரியாள். கல்லும் கலவையும் சுமப்பவர் சித்தாள், அதாவது சிறு ஆள். லத்தீன் தெரியாமலேயே நம் ஆட்கள் மாகிஸ்தரையும் மினிஸ்தரையும் தமிழில் உண்டாக்கி வைத்திருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்தப் பட்டம் தனியே நிற்காது. 'கூடியவர்' என்றதும் யாரைவிட என்ற கேள்வி எழும். கூடவே இன்னொரு கேள்வியும் எழ வேண்டும்: கூடியவர் என்று நிறுத்தியது யார்? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறோம். இரண்டாவதைத்தான் மறந்துவிடுகிறோம்.

2

ரோமானியர்களிடம் அடிமையை உடைமையாக வைத்திருப்பவனுக்குத் தனிச்சொல் இருந்தது: தொமினுஸ். 'தொமுஸ்' என்ற வீட்டோடு உறவுடைய சொல். வீடு, நிலம், அடிமை அனைத்தின் மீதும் உரிமை கொண்டவன். நம் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சொல்லில் ஆண்டை. மாகிஸ்தர் என்பவர் வேறு. அவருக்கு உடைமை கிடையாது. தெரிந்த வேலையை வைத்தோ, ஒப்படைத்த பொறுப்பை வைத்தோ வருவது அந்தப் பெயர். இன்னும் சொல்லப்போனால் பல இடங்களில் மாகிஸ்தரே அடிமையாக இருந்தார்.

வாரோ கி.மு. 37 வாக்கில் எழுதிய வேளாண்மை நூலில் மந்தைக்குப் பொறுப்பான தலைமை மேய்ப்பனை மாகிஸ்தர் என்கிறார். அவனும் அடிமைதான். எழுதப்படிக்கத் தெரியாதவன் அந்த வேலைக்கு லாயக்கில்லை, ஆண்டைக்குரிய மந்தைக் கணக்கை அவனால் ஒழுங்காக எழுத முடியாது என்பது வாரோவின் கட்சி. கல்வி எதற்கு என்பதை இவ்வளவு பச்சையாகச் சொன்ன இடம் குறைவு. மாகிஸ்தருக்கு எழுத்து வேண்டும், கணக்கு ஆண்டையுடையது. முதல் நூற்றாண்டில் கொலுமெல்லா பண்ணை அடிமைகளைப் பத்துப் பேருக்கு மேற்படாத குழுக்களாகப் பிரிக்கச் சொல்கிறார். வேலைகளுக்கு மேலாளாக நிற்கும் மாகிஸ்தர்கள் சுறுசுறுப்பும் சிக்கனமும் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்பது அவர் யோசனை.

கப்பலிலும் இதே கதை. கப்பலின் பொறுப்பாளர் மாகிஸ்தர். அவரை அமர்த்திக் கப்பலால் லாபம் பார்ப்பவர் வேறொருவர். 533இல் யுஸ்தீனியன் தொகுப்பித்த சட்டத் திரட்டில் உல்பியன் என்ற சட்ட அறிஞர், கப்பல் மாகிஸ்தர் சுதந்திரமானவரா அடிமையா என்பது பொருட்டல்ல என்கிறார். அவர் செய்த ஒப்பந்தத்துக்கு அமர்த்தியவர் பொறுப்பு. முகம் மாகிஸ்தருடையது, பணம் அமர்த்தியவருடையது.

பள்ளிக்கூட மாகிஸ்தரும் இந்த வரிசையில் வருகிறவர்தான். 301இல் தியோக்ளேஷியன் பேரரசு முழுவதற்கும் விலைக் கட்டுப்பாட்டு ஆணை போட்டபோது, எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாருக்குப் பையன் ஒன்றுக்கு மாதம் 50 தினாரியுஸ் என்று உச்சவரம்பு வைத்தார். கணக்கு வாத்தியாருக்கு 75, இலக்கண ஆசிரியருக்கு 200, பேச்சுக்கலை கற்பிப்பவருக்கு 250. ஹொராசுக்குப் பாடம் சொன்ன ஒர்பிலியுஸ் பிரம்படிக்குப் பேர்போனவர். அவருக்குப் புகழ் வந்த அளவுக்குக் காசு வரவில்லை என்றும் கிழவயதில் வறுமையில் கிடந்தார் என்றும் ஸ்வெதோனியுஸ் எழுதுகிறார். அவரே எழுதிய இலக்கண ஆசிரியர் வரலாற்றில் விடுதலை பெற்ற அடிமைகள் வரிசையாக வருகிறார்கள். தாஃப்னிஸ் என்ற இலக்கணக்காரர் 700,000 செஸ்தர்ஸ் விலைக்கு வாங்கப்பட்டுப் பிறகு விடுதலை செய்யப்பட்டவர். ஆசிரியரின் அறிவுக்கு இவ்வளவு விலை கொடுத்தார்கள் என்று மெச்சுவதா, ஆசிரியரையே விலைக்கு வாங்கினார்கள் என்று அதிர்வதா?

அதிகாரத்தின் உச்சியிலும் இந்தச் சொல் இரவல் அதிகாரத்தையே குறித்தது. நெருக்கடிக் காலத்தில் நியமிக்கப்படும் சர்வாதிகாரிக்கு ஆதியில் 'மக்களின் மாகிஸ்தர்' என்று பெயர். அதிகபட்சம் ஆறு மாதம், அப்புறம் இறங்கிவிட வேண்டும். அவர் நியமிக்கும் உதவியாளர் 'குதிரைப்படை மாகிஸ்தர்'. தொமினுஸ் என்ற சொல்லின் கனம் ரோமானியர்களுக்குத் தெரிந்திருந்தது. அகஸ்தஸ் தன்னை அப்படி அழைப்பதை வெறுத்து ஒதுக்கினார். குடிமக்களை அடிமைகள் ஆக்கிவிடும் சொல் அது. தொமித்தியன் அதையே விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டதாக ஸ்வெதோனியுஸ் குற்றம் சாட்டுகிறார்.

ஆக, தொமினுஸுக்கு உடைமை, மாகிஸ்தருக்குப் பொறுப்பு. சவுக்கு மாகிஸ்தர் கையில் இருக்கலாம். சவுக்கின் சொந்தக்காரன் தொமினுஸ்.

3

மத்திய காலத்து ஐரோப்பாவில் மாகிஸ்தருக்கு யோகம் அடித்தது. கைவினைக் கில்டுகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஒரே நேரத்தில் அது அங்கீகாரம் பெற்ற பட்டமாயிற்று. தச்சனும் தத்துவவாதியும் ஒரே ஏணியில் ஏறினார்கள். கற்றுக்குட்டியாகச் சேர்ந்து, நடுப்படியில் கொஞ்சகாலம் நின்று, கடைசியில் மாஸ்டராக வேண்டும். பல்கலைக்கழகம் என்பதே ஒரு கில்டுதான். பாரிஸில் அது ஆசிரியர்கள் ஆதிக்கம் செலுத்திய கில்டு. போலோன்யாவில் மாணவர்கள் கில்டு; நேரத்துக்கு வராத ஆசிரியருக்கு மாணவர்கள் அபராதம் போட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் நமது இரண்டாவது கேள்வி இங்கேயும் துரத்துகிறது. பாடம் சொல்லும் உரிமம் திருச்சபை அதிகாரி கையில் இருந்தது. உரிமத்துக்குக் காசு வாங்கக்கூடாது என்று 1179இல் மூன்றாம் லாத்தரன் சங்கம் தடை போட வேண்டியிருந்தது. அப்படியென்றால் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். 1215இல் ரொபேர் த கூர்சோன் என்ற போப்பின் பிரதிநிதி பாரிஸுக்கு விதிகள் வகுத்தார்: கலைகளைக் கற்பிக்க வயது 21 ஆகியிருக்க வேண்டும், ஆறு ஆண்டு படித்திருக்க வேண்டும். இன்று நான் போட்டுக்கொள்ளும் எம்.ஏ.வின் பூர்வீகம் இது. பெயரளவில் நான் கலைகளின் தலைவன். உண்மையில் எனக்கு மேலே ஒருவர் முத்திரை குத்தினால்தான் தலைவன்.

இதில் ஒரு பெரிய முரண் உண்டு. மத்தேயு சுவிசேஷம் 23ஆம் அதிகாரத்தில் இயேசு தன் சீடர்களிடம், உங்களில் ஒருவரும் குரு என்று அழைக்கப்படக்கூடாது, உங்களுக்கு ஒரே குருதான் என்கிறார். லத்தீன் விவிலியத்தில் அந்த இடத்தில் நிற்கும் சொல் மாகிஸ்தர். 389 வாக்கில் அகஸ்தீன் தன் மகன் அதேயோதாத்துஸுடன் நடத்திய உரையாடலாக 'மாகிஸ்தரைப் பற்றி' என்று ஒரு நூலே எழுதினார். சொற்களைக் கொண்டு ஒருவர் இன்னொருவருக்கு எதையும் கற்பித்துவிட முடியாது, உள்ளே இருக்கும் ஆசான் ஒருவரே என்பது அதன் முடிவு. அந்த வாக்கையும் இந்த நூலையும் தலைமேல் வைத்துக் கொண்டாடிய திருச்சபைதான் மாகிஸ்தர்களை நூற்றுக்கணக்கில் உற்பத்தி செய்தது. 'மாகிஸ்தர் சொல்லிவிட்டார்' என்பதே விவாதத்தை முடித்துவைக்கும் வாக்கியமாயிற்று.

நமக்கு இது அந்நியமான கதை அல்ல. வடமொழி 'ஆசார்ய' தமிழில் இரண்டாக உடைந்திருக்கிறது. மடத்திலும் அக்கிரகாரத்திலும் அது ஆச்சாரியார்; உளியும் இழைப்புளியும் பிடிக்கிற இடத்தில் ஆசாரி. ஐரோப்பாவில் தச்சனையும் தத்துவவாதியையும் ஒரே ஏணியில் ஏற்றிய மாதிரியான சொல்தான் இதுவும். இங்கே சாதி அதன் குறுக்கே வாளை இறக்கியது. ஆச்சாரியார் என்று அழைக்கப்பட்ட ராஜாஜி 1953இல் கொண்டுவந்த கல்வித் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் தகப்பன் தொழில். எதிர்ப்பில் அது 1954இல் கைவிடப்பட்டது. ஆசாரி மகனுக்கு ஆசாரியே ஆசான் என்று ஆச்சாரியார் தீர்மானித்ததாக இதை வாசிக்கலாம். திராவிட இயக்கத்தார் துண்டறிக்கைகளில் பேச்சாளர் பெயருக்குப் பின்னால் பி.ஏ., எம்.ஏ. என்று விடாமல் அச்சிட்டதைப் 'படிப்புப் பெருமை' என்று கிண்டல் செய்பவர்கள் இந்தப் பின்னணியை யோசிக்க வேண்டும். சூத்திரன் பெயருக்குப் பின்னால் மாகிஸ்தர் வந்து நிற்பது சும்மா அலங்காரம் இல்லை.

4

மாகிஸ்தருக்கும் தொமினுஸுக்கும் இடையே இருந்த கோடு எப்போது அழிந்தது?

லத்தீனின் வழிவந்த மொழிகளிலும் அதனிடம் கடன் வாங்கிய மொழிகளிலும் இரு சொற்களும் வேறுவேறு பாதையில் போயின. தொமினுஸ் 'டான்' ஆனது, 'டேம்' ஆனது. பழைய பிரெஞ்சில் பிரபுவின் பிடி என்ற பொருளில் புழங்கி, கடைசியில் நாம் மின்கம்பத்தில் பார்க்கிற 'டேஞ்ச'ரும் ஆனது. ஆண்டைக்குரிய சொல் மரியாதைச் சொல்லாக வெளுத்துப்போன பிறகு, ஆண்டை தன் வேலைக்கு வேறு சொல் தேடினான். அகப்பட்டது மாகிஸ்தர். பிரெஞ்சில் 'மேத்ர்', ஆங்கிலத்தில் 'மாஸ்டர்'. வகுப்பில் நிற்பவரும் அடிமையை வைத்திருப்பவனும் இப்போது ஒரே பெயரில்.

வெறும் சொல் தற்செயலாக இதை நான் நினைக்கவில்லை. 1669இல் வர்ஜினியா குடியேற்றத்தின் சட்டம் ஒன்றைப் பார்க்கலாம். எதிர்த்துநிற்கும் அடிமையை மாஸ்டர் 'திருத்தும்'போது திருத்தம் எல்லைமீறி அடிமை செத்துப்போனால் அது கொலைக்குற்றம் ஆகாது என்றது அந்தச் சட்டம். திருத்துதல்! பள்ளிக்கூடத்து வார்த்தை. சிலேட்டில் பிழை திருத்துகிறவன் போல, சவுக்கால் அடித்துக் கொல்பவன் நிற்கிறான். உடைமையாளன் வாத்தியார் முகமூடி போட்டுக்கொண்ட கணம் இது.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1833இல் நிறைவேறியது. மறு ஆண்டு விடுதலையாக வேண்டிய பெரும்பாலானோரை என்ன பெயரிட்டு அதே தோட்டத்தில் கட்டிப்போட்டார்கள்? 'அப்ரெண்டிஸ்', தொழில் பழகுபவர். தலைமுறை தலைமுறையாகக் கரும்பு வெட்டிய கைகளுக்குக் கரும்பு வெட்டப் பயிற்சியாம். நஷ்டஈடு இரண்டு கோடி பவுண்டு ஒதுக்கினார்கள், அடிமைகளுக்கல்ல, உடைமையாளர்களுக்கு. 1838இல் அந்த ஏற்பாடும் முடிவுக்கு வந்தது. அதற்குள் மொரீஷியசுக்கு இந்தியக் கூலிகள் போய் இறங்கிவிட்டிருந்தார்கள்.

1845இல் வெளிவந்த ஃப்ரெடெரிக் டக்ளஸின் தன்வரலாற்றில் ஒரு காட்சி. பால்டிமோர் வீட்டு எஜமானி சிறுவன் டக்ளஸுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறார். அவளுக்குரிய ஆங்கிலச் சொல் 'மிஸ்ட்ரெஸ்'. அதுவும் மாகிஸ்தரின் பெண்பால் வழி வந்தது. கணவனுக்கு விஷயம் தெரிகிறது, உடனே நிறுத்துகிறான். எழுத்தறிந்தவன் அடிமையாக இருக்க லாயக்கில்லாமல் போவான் என்பது அவன் பயம். ஒரே வீட்டில், ஒரே சொல்லின் ஆண்பாலும் பெண்பாலும். ஒருத்தி ஒரு கணம் உண்மையிலேயே மாகிஸ்தராக இருந்தாள். மற்றவன் அந்தப் பெயரில் இருந்த தொமினுஸ். வாரோவின் ஆண்டைக்குக் கணக்கெழுத எழுத்து தெரிந்த அடிமை வேண்டியிருந்தான். பால்டிமோர் ஆண்டைக்கு எழுத்தே ஆபத்தாகத் தெரிந்தது. இரண்டு இடத்திலும் எழுத்தின் மீது தீர்ப்பு சொல்பவன் உடைமையாளன்தான்.

2015–16இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழகங்கள் மாணவர் குடியிருப்புகளின் தலைமைக்கு வைத்திருந்த 'மாஸ்டர்' என்ற பட்டத்தை விட்டொழித்தன. அடிமைமுறையின் நினைவு அதில் இருக்கிறது என்று மாணவர்கள் எதிர்த்ததும் அதற்கு ஒரு காரணம். அப்போது ஒரு பதில் திரும்பத் திரும்ப வந்தது: 'இது மாகிஸ்தரிலிருந்து வந்த சொல், ஆசிரியர் என்றுதான் பொருள், அடிமைமுறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.' அகராதியைத் திறந்து காட்டி நிரபராதி என்று தீர்ப்பு வாங்குகிற உத்தி.

வேர்ச்சொல் ஆய்வில் ஊறிய தமிழ்ச் சூழலுக்கு இந்த உத்தி நன்றாகவே பழக்கம். சொல்லின் வேரில் களங்கமில்லை என்றால் சொல்லிலும் களங்கமில்லை என்று நாமும் நம்புகிறோம். வேரைச் சரியாகத்தான் காட்டினார்கள், வரலாற்றைத்தான் மறைத்தார்கள். மாகிஸ்தருக்கு ஆசிரியர் என்று பொருள் இருந்ததால்தான் ஆண்டைக்கு அந்தச் சொல் உபயோகப்பட்டது. தூய வேர் அவனுக்குக் கிடைத்த மூலதனம். நாங்கள் ஆளவில்லை, நாகரிகம் கற்பிக்கிறோம் என்று காலனியம் முழுக்க அந்த மூலதனத்தை வைத்துத்தான் கடை நடத்தியது.

5

இப்போது நம் மொழிபெயர்ப்புப் பிரச்சினைக்கு வருகிறேன்.

1807இல் ஹெகல் எழுதிய ஜெர்மன் சொற்கள் 'ஹெர்', 'க்னெஹ்ட்'. ஹெர் என்பவன் ஆண்டை. க்னெஹ்ட்டோ அடிமைக்குரிய சட்டச் சொல் அல்ல, வேலையாள், பண்ணையாள். கோஜேவ் 1933 முதல் 1939 வரை பாரிஸில் நடத்திய வகுப்புகள் வழியாக இது 'மேத்ர்–எஸ்க்லாவ்' என்று பரவியது. வகுப்புகள் 1947இல் நூலாயின. மேத்ர் என்றதும் பிரெஞ்சுக் காதில் பள்ளிக்கூட வாத்தியாரும் சேர்ந்தே ஒலிப்பார். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த லகான், 1969–70 கருத்தரங்கில் 'மேத்ரின் சொல்லாடல்', 'பல்கலைக்கழகச் சொல்லாடல்' என்று பிரித்துக் காட்டியபோது இந்த இரட்டை ஒலியை வைத்துத்தான் விளையாடினார். பல்கலைக்கழகச் சொல்லாடலில் அறிவு முன்னால் நின்று பேசும். அதன் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மேத்ர் உட்கார்ந்திருப்பார். அடிமையின் கைத்திறனை உறிஞ்சியெடுத்து ஆண்டையின் அறிவாக மாற்றியதே தத்துவத்தின் வேலை என்றும் அவர் சொன்னார். அடிமை மாகிஸ்தர்களின் ரோமாபுரியை அறிந்தவர்களுக்கு இது நேரடி வரலாறு.

ரான்ஸியேர் 1987இல் எழுதிய 'அறியாத ஆசிரியர்' என்ற நூலையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். 1818இல் லூவேனில் ழாக்கொத்தோ என்ற பிரெஞ்சுக்காரர் தனக்குத் தெரியாத ஃபிளெமிஷ் மொழி பேசும் மாணவர்களிடம் ஓர் இருமொழிப் பதிப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அவர்கள் தாங்களாகவே பிரெஞ்சு கற்றார்கள். விளக்கம் சொல்பவர் இல்லாமல் கல்வி சாத்தியம் என்பது ரான்ஸியேரின் வாதம். எனக்கு இதில் ஒரு நெருடல். விளக்கம் போய்விட்டது, சரி. 'இதைப் படி' என்ற கட்டளை எங்கே போயிற்று? அறிவைக் கழற்றி வைத்த மாகிஸ்தரிடம் மிஞ்சுவது ஏவல் மட்டும். அந்த ஏவலை அவருக்குக் கொடுத்தது யார் என்று ரான்ஸியேர் போதிய அளவு கேட்கவில்லை.

இவை அனைத்தையும் தமிழில் 'எஜமான்' என்று ஒரே சாக்கில் கட்டினால் என்ன மிஞ்சும்? எஜமான் என்பதே வேள்விக்குச் செலவு செய்கிற யஜமானன்; புரோகிதருக்குத் தட்சணை கொடுப்பவன். பணம் அவனுடையது, மந்திரம் அவனுடையது இல்லை. ஹெகலின் ஜோடிக்கு ஆண்டை–பண்ணையாள் என்று எழுதினால் கீழத் தஞ்சை வயலில் நின்று அதை வாசிக்கலாம். லகானின் மேத்ருக்கு அதுவும் போதாது. அங்கே வாத்தியாரும் வேண்டும்.

தீர்வு கோட்பாட்டு நூல்களில் இல்லை, டீக்கடையில் இருக்கிறது. கல்லாவில் இருப்பவர் முதலாளி. பாய்லருக்கு முன்னால் நின்று ஆற்றிக்கொண்டிருப்பவர் மாஸ்டர். 'மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒண்ணு' என்று கூலியாளைத்தான் நாம் மாஸ்டர் என்கிறோம். பரோட்டா மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர், ஸ்டேஷன் மாஸ்டர், ஹெட்மாஸ்டர் எல்லோரும் இன்னொருவர் இடத்தில் வேலை பார்ப்பவர்கள். ஒருவருக்கும் அந்த இடம் சொந்தமில்லை. பாரிஸும் லண்டனும் தொலைத்த ரோமானிய வேறுபாட்டைத் தமிழ்ப் பேச்சுவழக்கு தன்னையறியாமல் மீட்டுவைத்திருக்கிறது. அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுக்கவில்லை, போப்பும் கொடுக்கவில்லை. வேலையைப் பார்த்து, டீயைக் குடித்து, ஜனங்களே கொடுத்தது. மாஸ்டர் என்ற சொல்லை மாஸ்டர் என்றே எழுதி, அதற்கு எதிரே முதலாளியை வைத்து ஒருமுறை லகானை வாசித்துப் பாருங்கள். மாஸ்டர் பேசுகிறாரா, மாஸ்டர் வாயால் முதலாளி பேசுகிறாரா என்ற கேள்வி உடனே கிடைக்கும்.

6

டீக்கடையை மட்டும் காட்டி முடித்தால் நான் சொல்லின் வேரைச் சுத்தம் செய்தவனாகிவிடுவேன். மேஸ்திரியையும் பார்த்தாக வேண்டும்.

பர்மாவுக்குக் கூலிகள் போனது மேஸ்திரி முறையில். இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணி என்றால் ரங்கூனுக்கு மேஸ்திரி. ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து, கப்பலேற்றி, அரிசி ஆலையிலும் துறைமுகத்திலும் வேலைக்கு நிறுத்தி, மொத்தக் கூலியைத் தன் கையில் வாங்கிப் பிடித்தது போக மிச்சத்தைக் கொடுப்பவர். அவரும் ஒருகாலத்தில் மூட்டை சுமந்தவராக இருக்கலாம். கூலிக்குக் கண்ணில் படும் அதிகாரம் அவர் ஒருவரே. கம்பெனி எங்கேயோ இருக்கிறது. கோபம் மேஸ்திரியோடு நின்றுவிடும். உல்பியனின் கப்பலை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம்: ரோமானியச் சட்டம் மாகிஸ்தருக்குப் பின்னால் இருப்பவனைப் பிடித்து இழுத்து வந்து பொறுப்பேற்க வைத்தது. ஒப்பந்தத் தொழில்முறையோ பின்னால் இருப்பவனைக் காப்பாற்றவே மேஸ்திரியை முன்னால் நிறுத்துகிறது. இரண்டாயிரம் வருஷத்தில் நாம் கண்ட முன்னேற்றம்.

இன்றைய கட்டிடத் தளத்திலும் அதே அமைப்புதான். பெண்கள் ஆயுள் முழுக்கச் சித்தாளாகவே இருக்கிறார்கள். பத்துப் பதினைந்து வருஷம் கலவை சுமந்து, எந்தக் கலவைக்கு எவ்வளவு தண்ணீர் என்று கண்ணாலேயே அளக்கத் தெரிந்தவர் கையிலும் கரண்டியைக் கொடுப்பது அபூர்வம். பெண் மேஸ்திரியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மாகிஸ்தரின் பெண்பால் நமக்குக் கிடைத்தது பள்ளிக்கூடத்தில் மட்டும்: 'மிஸ்' என்று குழந்தைகள் கூப்பிடுவது மிஸ்ட்ரெஸின் மிச்சம்தான். அந்த மிஸ்ஸும் தனியார் பள்ளிகளில் எவ்வளவு குறைந்த சம்பளத்தில் நிற்கிறார் என்று விசாரித்தால் தியோக்ளேஷியன் தேவலாம் என்று தோன்றும்.

நம் சிறுபத்திரிகை உலகத்துக்கும் இதைத் திருப்பிக் காட்ட வேண்டும். இங்கே ஆசான்களுக்குக் குறைச்சல் இல்லை. ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு மாகிஸ்தர். அவர் சொல்லிவிட்டால் சரி. கோட்பாட்டுக்காரர்களான நாங்கள் அந்த வழிபாட்டைக் கட்டுடைத்துவிட்டதாக நம்பிக்கொண்டு, ஃபூக்கோ சொல்லிவிட்டார், தெரிதா சொல்லிவிட்டார் என்று வாக்கியத்தை முடித்தோம். எங்களுக்குக் கிடைத்த 'கூடுதல்' எங்கிருந்து வந்தது, யாருடைய கணக்கை எழுதப் பயன்படுகிறது என்று கேட்டுக்கொள்ளவில்லை. அதிகாரம் எங்கும் பரவியிருக்கிறது என்று எழுதி எழுதி, மேஸ்திரியும் முதலாளியும் ஒன்றுதான் என்பது போன்ற ஒரு சமத்துவத்தை உண்டாக்கிவிட்டோம். களத்தில் வேலை செய்யும் தோழர்களுக்கு இந்தச் சமத்துவத்தால் உபயோகம் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

போன சனிக்கிழமை சாயங்காலம் தெருமுனைக் கட்டிடத்தில் கூலி பட்டுவாடா நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரி ஒரு கோணல் நோட்டைப் பார்த்து எண்ணிக் கொடுத்தார். சித்தாள் வேலை பார்க்கும் ஒரு அம்மா வாங்கின பணத்தை எண்ணினார், மறுபடியும் எண்ணினார். ஒரு நாள் கூலி குறைந்தது. மழை பெய்த அன்றைக்குப் பிடித்திருக்கிறார்கள்.

"ஏங்க மேஸ்திரி, மழைக்குப் புடிச்சது உங்க கணக்கா, அவங்க கணக்கா?"

மேஸ்திரி நோட்டை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பதில் சொல்லவில்லை. அந்த அம்மாவும் நகரவில்லை.